ஸ்டேட்டஸில் வந்த பஸ்

மாகறல் ஸ்டாப்பில் அன்றைக்கு ஒரு ஈ காக்கா இல்லை.

எனக்கு முதலில் அது உறைக்கவே இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர்தான் வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். தினமும் அந்த இடத்தில் சாப்பாட்டுப் பையும் பூக்கூடையும் ஸ்கூல் பிள்ளைகளுமாக ஒரு கூட்டம் நிற்கும். படியில் கால் வைப்பதற்குள் இரண்டு சண்டையாவது நடந்து முடியும். அன்றைக்கு மரத்தடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"இன்னாம்மா, இன்னிக்கு எதுனா லீவா?" என்று கண்டக்டர் தனசேகர் என்னைக் கேட்டார்.

"லீவெல்லாம் ஒன்னும் இல்லியே."

"அப்ப ஜனம் எங்க போச்சு?"

அவர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கூட்டத்தில் ஸ்டெல்லா நின்றிருக்க வேண்டும். வேறு எந்த நாளில் அவள் பஸ்ஸை விட்டிருந்தாலும் போகிறது என்று இருந்திருப்பேன். அன்றைக்கு மட்டும் விடவே கூடாது.

பையைத் துழாவிப் போனை எடுத்தேன். திருப்புலிவனம் தாண்டியதும் நான் எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போகாமல் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு படம் போகாததற்கும் ஒரு ஊரே பஸ்ஸை விட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும்.

பீரோவுக்குள் ஒரு பஸ்

காஞ்சிபுரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்கள் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பேன். உத்திரமேரூரிலிருந்து காலை பஸ்ஸில் போய் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். இந்த ரோட்டில் என் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. கண்ணாடிக்காரம்மா என்றால் தெரியும்.

நல்ல கேமரா உள்ள போன் கைக்கு வந்ததும் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. போகிற வழியில் தினம் ஒரே ஒரு படம். நன்றாக வந்தாலும் வராவிட்டாலும் அதுதான் அன்றைய படம், இரண்டாவது எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கோயில் கோபுரம், ஏரி, சூரிய உதயம் பக்கமெல்லாம் போக மாட்டேன். அவற்றுக்கு ஆள் நிறைய இருக்கிறது. ஜனங்கள் எதில் ஏறி, எதைத் தூக்கிக்கொண்டு, எப்படிப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஒரு முறை மொபெட்டின் பின்னால் ஒருவர் புது பீரோவைக் கட்டிப் பிடித்தபடி போனார். பீரோவின் முகக் கண்ணாடியில் எங்கள் பஸ் முழுசாகத் தெரிந்தது. டிரைவர், முன் கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம், எல்லாம். இன்னொரு நாள் கம்பெனி பஸ் பக்கத்தில் வந்து நின்றது. நைட் ஷிப்ட் முடித்த பெண்கள் ஜன்னலுக்கு ஒருத்தியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஜன்னலில் ஒருத்தி மட்டும் முழித்து என்னைப் படம் எடுத்தாள். நானும் அவளும் சிரித்துக்கொண்டோம். இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது.

ஆரம்பத்தில் தனசேகருக்கு என் மேல் பயங்கர சந்தேகம். "யார் கிட்டம்மா கம்ப்ளெயிண்ட் அனுப்பறே? படிக்கட்டுல தொங்கறத எடுத்தியா?" என்பார். பீரோ படத்தைக் காட்டிய பிறகு சமாதானமானார். அப்புறம் அவரே, "அம்மா, ரைட் சைடுல பாரு, வாத்து போவுது" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். கூண்டு கூண்டாக வாத்து ஏற்றிய லாரி. அதையும் எடுத்தேன்.

மல்லிகா இட்லி இறக்கும் நேரம்

எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே ஸ்டேட்டஸில் போட்டுவிடுவேன். பார்க்கிறவர்கள் நாளுக்கு நாள் கூடினார்கள். மாகறல், களக்காட்டூர், வழியிலுள்ள சின்ன ஊர்கள் என்று யார் யாரோ என் நம்பரை வாங்கிச் சேமித்துக்கொண்டார்கள். காலை ஏழே முக்காலுக்கு இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு என் கலையை ரசிக்கிறார்களே என்று மனசுக்குள் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது.

அந்த மிதப்பை மல்லிகா இறக்கினாள். மாகறலில் ரோட்டோரம் டிபன் கடை வைத்திருக்கிறாள். ஒரு காதுகுத்து வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் படம் வந்தாத்தான் நான் கடசி ஈடு இட்லிய எறக்குவேன்" என்றாள்.

"அவ்ளோ புடிக்குமா?"

"புடிக்கறது இன்னா. படம் வந்துச்சின்னா பஸ்ஸு திருப்புலிவனம் தாண்டிச்சின்னு அர்த்தம். பார்சல் கட்ட நேரம் கரெக்டா இருக்கும்."

"அந்த வாத்து லாரி பாத்தியா?"

"வாத்தா? அதெல்லாம் யாரு பாத்தா. உன் பேருக்குப் பக்கத்துல பச்ச வட்டம் வந்துச்சா, அவ்ளோதான்."

விசாரித்தால் எல்லோருக்கும் அதே கதை. பச்சை வட்டம் வந்தால் ஒருத்தர் குளிக்கப் போவார், ஒருத்தர் சட்டைக்கு இஸ்திரி போடுவார். வயல்வெளி தாண்டி நடந்து வர வேண்டிய காலனிக்காரர்கள் செருப்பை மாட்டுவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த ஒரு நாள், பஸ் கேன்சல் என்று பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். பஸ் தன்பாட்டுக்கு வந்து போயிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. டெப்போ போட்ட அட்டவணையை நம்பாத ஜனம் என்னை நம்பியது. அதற்குப் பிறகு திருப்புலிவனம் தாண்டியதும் படம் எடுத்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

வாட்டர் கேன் ஸ்டெல்லா

இனி ஸ்டெல்லா. மாகறலுக்கு உள்ளே காலனியில் வீடு. அம்மாவோடு சேர்ந்து நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். பிறகு கார் லைசென்ஸ் எடுத்து, உத்திரமேரூரில் வாட்டர் கேன் போடும் வண்டியை ஓட்டினாள். தெருவுக்குத் தெரு கேன்களைத் தானே தூக்கி இறக்குவாள். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது சுற்றி நிற்கிறவர்கள் கை காட்ட ஆரம்பித்தால் இஞ்சினை அணைத்துவிடுவாள். "நீங்க காட்டி முடிங்க, அப்பால நான் எடுக்கறேன்" என்பாள்.

பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பெரிய பஸ் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. பழைய டிரைவர் வெளிநாடு கிளம்பினார். கனரக லைசென்ஸ் டெஸ்டில் பாஸாகி வந்தால் திங்கட்கிழமை வண்டியை எடுக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். டெஸ்ட் வெள்ளிக்கிழமை, காஞ்சிபுரத்தில். ஒன்பதரைக்குப் பெயர் கூப்பிடுவார்கள். அப்போது இல்லாதவர்களுக்கு இன்னொரு நாள்தான். புருஷன் பைக்கை எடுத்துக்கொண்டு விடியும் முன்பே கம்பெனிக்குப் போய்விடுவார். அடுத்த பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான்.

முதல் நாள் சாயங்காலம் என்னிடம் சொன்னாள். "அக்கா, நாளைக்கு நல்ல படமா போடு. அத பாத்துட்டுத்தான் கெளம்புவேன்."

பச்சை வட்டம்

நல்ல படம்தான் எடுத்தேன். நெல் அறுக்கும் மிஷின் ஒன்று பனியில் எதிரே வந்தது. ரோட்டின் முக்கால்வாசியை அது அடைத்துக்கொண்டது. எங்கள் பஸ் ஓரம் கட்டி நிற்க, அதன் பற்கள் என் ஜன்னலை உரசுகிற மாதிரி போயின. டிரைவர் சீட்டில் மப்ளர் கட்டிய ஒருவர் டீ கிளாஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். டக்கென்று எடுத்துப் போட்டுவிட்டுப் போனைப் பையில் வைத்தேன். ரோடு அகலப்படுத்தத் தோண்டியதில் அந்தப் பக்கம் எங்கேயோ கேபிள் அறுந்து நெட் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

படம் போகவில்லை. மாகறலில் ஒரு செருப்பும் கிளம்பவில்லை.

நான் போனைப் பார்த்துப் பதறிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் வந்தது. தடுப்பதற்குள் படம் போய்விட்டது. பஸ் மாகறலைத் தாண்டி வந்தாயிற்று, படமோ இப்போதுதான் திருப்புலிவனம் என்கிறது. பார்த்தவர்கள் பெயர் ஒவ்வொன்றாக விழுந்தது. மல்லிகா. பூக்காரம்மா. அடுத்தது ஸ்டெல்லா.

உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"எங்கடி கீற?"

"வூட்லதான்க்கா. இப்பதான் படம் பாத்தேன். மிஷினு சூப்பரா கீது. தோ, தல வாரிக்கினு கீறேன், கெளம்பிடுவேன்."

"படத்த நம்பாத. பஸ்ஸு மாகறல தாண்டிடுச்சு. நெட்டு இல்லாம படம் இப்பதான் போச்சு."

அந்தப் பக்கம் சீப்பு கீழே விழும் சத்தம் கேட்டது.

"இன்னாக்கா சொல்ற?"

"எதுனா வண்டில ஏறு. எது கெடைச்சாலும் ஏறு. நாங்க உள்ள போய்த் திரும்பி வரணும்ல, அதுக்குள்ள புடிச்சிடலாம்."

எங்கள் பஸ் நேராகக் காஞ்சிபுரம் போகாது. நடுவில் மெயின் ரோட்டை விட்டு ஒரு கிராமத்துக்குள் போய், அங்கே திரும்பி மறுபடி மெயின் ரோட்டுக்கு வரும். தினமும் அந்தச் சுற்றைத் திட்டிக்கொண்டே போகிறவள் நான். அன்றைக்கு அந்தக் கிராமத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

ஸ்டேட்டஸில் படத்தை நீக்கிவிட்டு எழுத்தில் போட்டேன். "பஸ் மாகறல் தாண்டிவிட்டது. ஸ்டெல்லாவுக்கு இன்று லைசென்ஸ் டெஸ்ட். யார் கண்ணில் பட்டாலும் ஏற்றி அனுப்புங்கள். எங்கே என்று எனக்குச் சொல்லுங்கள்."

தனசேகரிடமும் சொன்னேன். அவர் கையைப் பிசைந்தார். "வண்டிய நிறுத்தி வைக்க முடியாதும்மா. லேட்டாச்சின்னா என்னத்தான் கேப்பாங்க."

பஸ் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "யாரு, கேன் வண்டி ஓட்டுமே, அந்தப் பொண்ணா?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். "அது வுடாது பாரு, வந்துரும்" என்று இன்னொன்று.

எனக்கு வந்த படங்கள்

சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். யாரும் சொல்லவில்லை. படம் எடுத்து அனுப்பினார்கள்.

முதல் படம் மல்லிகாவிடமிருந்து. கால்வாசிப் படத்தை அவள் கட்டைவிரலே மறைத்திருந்தது. மீதியில் பால்காரர் பைக். இரண்டு பக்கமும் கேன். நடுவில் ஸ்டெல்லா, கால் வைக்க இடமில்லாமல் இரண்டு காலையும் அகட்டித் தூக்கி, டெஸ்ட் காகிதம் வைத்த பிளாஸ்டிக் கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு. போன் கைமாறிக் கைமாறிப் பின் சீட்டு வரை போய் வந்தது. யாரோ ஒருவர் பெரிதாக்கிப் பார்த்து, "தலையே வாரல, பாவம்" என்றார்.

இரண்டாவது படம் யார் அனுப்பியது என்றுகூடத் தெரியவில்லை. ஆடிப்போன படம். நடவுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் குட்டியானை மினி லாரி ரோட்டோரம் நிற்கிறது. பின்னால் நிற்கிற பெண்களிடமிருந்து நாலைந்து கைகள் கீழே நீண்டிருக்கின்றன. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு காற்றில் ஒரு கால். அந்தக் காலை எனக்கு அடையாளம் தெரிந்தது.

பஸ் கிராமத்துக்குள் போய்த் திரும்பும் இடத்துக்கு வந்தது. டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கினார். டயரைத் தட்டிப் பார்த்தார். ஒரு துணியை எடுத்துப் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடியை அவர் அவ்வளவு அக்கறையாகத் துடைத்து நான் பார்த்ததில்லை. தனசேகர் வாட்சைப் பார்த்தார், பிறகு எதையும் பார்க்காதவர்போல ஒரு கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் அவர்களால் முடியாது. பஸ் கிளம்பியது.

மெயின் ரோட்டுக்கு வந்தோம். குட்டியானை இல்லை. போனில் புதிய படமும் இல்லை. முன்னால் போய்விட்டார்களா, பின்னால் வருகிறார்களா என்றே தெரியவில்லை. தினமும் ஊருக்கெல்லாம் வண்டி இருக்குமிடத்தைச் சொல்கிறவளுக்கு அன்றைக்கு ஒரு வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

ஒரு ஸ்டாப் போனது. அங்கேயும் யாரும் இல்லை.

ஹாரன்

அப்போதுதான் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. விட்டு விட்டு இல்லை, ஒரே இழுப்பாக. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினேன்.

குட்டியானை எங்களை ஒட்டி ஏறி வந்தது. பின்னால் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர்களுக்கு நடுவில் கஸ்தூரி, அந்த நடவுக் கூட்டத்தின் மேஸ்திரி, பஸ்ஸைப் பார்த்துத் துண்டை வீசினாள். வண்டியின் டிரைவர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கவரை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டியரிங்கில் ஸ்டெல்லா.

வாராத தலையோடு, கண்ணை ரோட்டை விட்டு எடுக்காமல், எங்களைப் பக்கவாட்டில் தாண்டிப் போனாள். எனக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. டிரைவர்கூடப் பதிலுக்கு ஹாரன் அடித்தார்.

முன்னால் போய் ஓரம் கட்டி, இஞ்சினை அணைத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, கவரை வாங்கிக்கொண்டு அவள் ஓடி வந்து படியில் ஏறினாள்.

தனசேகர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "ஏம்மா, ஓவர்டேக் பண்ணியே, இண்டிகேட்டர் போட்டியா?"

"போட்டேன்ணா. உங்க டிரைவரண்ணன் கண்ணாடில பாத்திருப்பாரு. கண்ணாடி பளபளன்னு கீதே."

கீழேயிருந்து கஸ்தூரி குரல் கொடுத்தாள். "எங்க செட்டுப் பொண்ணு. நாங்களே வண்டில ஏறிக்கினு, ஓட்டச் சொல்லி டெஸ்ட்டு வச்சிட்டோம். பாசுதான், தைரியமா போ."

ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் பையில் இருந்த சீப்பை எடுத்துக் கொடுத்தேன். பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் தலை வாரி முடித்துவிட்டாள். ஓரிக்கை தாண்டியதும் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இறங்கி ஓடிய பிறகுதான் என் கையைப் பார்த்தேன். போன் கையில்தான் இருந்தது, கேமராவும் திறந்துதான் இருந்தது. நான் அமுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு படம் என்ற சட்டமெல்லாம் அப்போது என் நினைவிலேயே இல்லை. அமுக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கடையில் வேலை ஓடவில்லை. ஒரு பெரியவர் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதும்மா? நீ இன்னும் கண்ணாடியே போடலியே" என்றார் அவர்.

மதியத்துக்கு முன்னால் போன் வந்தது. "அக்கா, ரிவர்ஸ் ஒரே தபாவுல எடுத்தேன். இன்ஸ்பெக்டரு பாஸ்னு எழுதி கையெழுத்து போட்டாரு." அதற்கு மேல் அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். பெரியவர் அவசரமாகச் சட்டத்தைத் தானே கழற்றி மேஜை மேல் வைத்தார்.

சாயங்கால பஸ்

திரும்பும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியாயிற்று, திங்கட்கிழமை காலை வண்டியை எடுக்க வரச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும் அவளிடம் ஒரு முறை கேட்டார்கள். அவளும் சலிக்காமல் ரிவர்ஸிலிருந்து ஆரம்பித்தாள்.

பாதி வழியில் கஸ்தூரியிடமிருந்து ஒரு படம் வந்தது. காலையில் குட்டியானை எங்களைத் தாண்டியபோது பின்னாலிருந்து அவள் எடுத்தது. எங்கள் பஸ் முழுசாக, எதிரே. டிரைவர் சிரிக்கிறார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது ஜன்னலில் ஒரு பொம்பளை இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டு, வாயை ஆவென்று திறந்து, கையில் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள்.

எத்தனையோ பேர் போவதை எடுத்திருக்கிறேன். நான் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அந்தப் பொம்பளையைப் பிடித்திருந்தது.

"போடுக்கா, இதான் இன்னிக்குப் படம்" என்றாள் ஸ்டெல்லா.

ஸ்டேட்டஸில் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மல்லிகாவிடமிருந்து செய்தி வந்தது. டெஸ்டைப் பற்றி இல்லை, என் வாயைப் பற்றியும் இல்லை.

"அக்கா, பஸ்ஸு இப்ப எங்க கீது?"

நான் எழுத ஆரம்பிப்பதற்குள் ஸ்டெல்லா போனைப் பிடுங்கி, அந்தக் காலைப் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் பதில் அடித்தாள்.

"எனக்குப் பின்னாடி கீது."